எந்த பிளக்கில் சொருகினாய்

கணபதிப் பகுதியில் லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவின் கடைசியில் பூங்கோதையின் டெஸ்டிங் லேப் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு வீட்டுக் கரண்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி இருக்கிறதே, கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்பார்களே, அந்தப் பெட்டிகளைத்தான் அங்கே சோதித்தார்கள். சொன்ன வோல்ட் சொன்னபடி வருகிறதா, லோடு ஏற்றினால் தாங்குகிறதா, தொடுகிறவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்குமா என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை.

பூங்கோதைக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பேச்சு ரொம்பக் குறைவு. கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்துபோய் எதையாவது செய்து காட்டுவாள். புரியாதவர்கள் திமிர் பிடித்தவள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புரிந்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள்.

அவளிடம் சிஷ்யனாக வந்து சேர்ந்த நஞ்சப்பனோ, அவளுக்கு அப்பன் வயதில் இருந்தார். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். வாழ்நாளெல்லாம் வழியில் நிற்கிற பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எங்கே என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். ஒரு ஆளின் முகத்தைப் பார்த்தாலே பொய்யா மெய்யா என்று சொல்லிவிடுவேன் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

முதல் நாள் ஒரு துணிப்பையோடு வந்தார். பைக்குள் இருந்த பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுதான் எம் பையனைக் கொன்னுதுங்க, அம்மிணி."

பையன் பேர் தரணி. படிப்பு முடித்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவன். குளித்துவிட்டுத் தலைகூடத் துவட்டாமல் வந்து கம்ப்யூட்டரின் இரும்புக் கூட்டில் கை வைத்திருக்கிறான். கூடு முழுக்கக் கரண்ட் இருந்திருக்கிறது. நஞ்சப்பன் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தபோது வாசலில் ஊரே கூடியிருந்தது. ஒரே பிள்ளை. அவ்வளவுதான்.

பூங்கோதை பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு காப்புத் தாள் கிழிந்து, கரண்ட் வருகிற கம்பி இரும்பில் முட்டிக்கொண்டிருந்தது. எர்த் இருந்திருந்தால் கரண்ட் அந்த வழியாக மண்ணுக்குப் போய் ஃபியூஸ் அடித்திருக்கும், பையன் பிழைத்திருப்பான் என்று மெதுவாகச் சொன்னாள்.

நஞ்சப்பன் இதைக் கேட்கத்தான் வந்திருந்தார். வீட்டில் கம்ப்யூட்டரைச் சொருக இரண்டு பிளக் உண்டு. ஹாலில் இருப்பதில் எர்த் இருக்கிறது. சமையலறைக் கதவை ஒட்டி இருக்கிற பழைய பிளக்கில் கிடையாது. அன்றைக்குப் பதற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டார். எந்த பிளக்கிலிருந்து இழுத்தார் என்று அந்த மனுஷருக்கே நினைவில்லை.

"எந்த பிளக்குல இருந்துச்சுன்னு இந்தப் பெட்டியைச் சோதிச்சுச் சொல்லுங்க அம்மிணி."

"பெட்டிக்கு அது தெரியாதுங்க ஐயா."

"தெரிஞ்ச ஆளு வீட்டுல இருக்குது. சொல்ல மாட்டேங்குது."

அவர் சொன்னது தன் மனைவி மாராத்தாளை. அன்று காலை ஹாலைக் கூட்டித் துடைத்தது அவள்தான். கூட்டும்போது ஒயரைப் பிடுங்கி இடம் மாற்றிச் சொருகியிருப்பாள் என்பது அவர் சந்தேகம். நான் ஒயரைத் தொடவே இல்லை என்றாள் அவள். பையனே மாற்றியிருக்கலாம் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நஞ்சப்பன் காதில் அது ஏறவில்லை. செத்த பிள்ளைமேல் குற்றம் சொல்ல எந்த அப்பனுக்கு மனசு வரும்?

பெட்டி சொல்லாது என்றால், பெட்டியிடம் கேட்கிற வித்தையையாவது எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று நின்றார். பூங்கோதை அவர் கையைப் பார்த்தாள்.

"நாளைக்கு வாங்க. கையில மோதிரம், வாட்ச் எதுவும் போடாம வாங்க."

மறுநாள் மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அப்புறம் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவே இல்லை.

ரொம்ப நாளைக்கு எர்த் சோதனை ஒன்றை மட்டும்தான் அவரிடம் விட்டாள். பெட்டி ஒயரின் எர்த் பின்னில் ஒரு கிளிப், இரும்பு மூடியில் ஒரு கிளிப். நடுவில் தடையில்லாமல் வழி இருக்கிறதா என்று மீட்டர் சொல்லும். உள்ளே எது கசிந்தாலும் எர்த் அதை வாங்கிக்கொண்டு மண்ணுக்குக் கொண்டுபோய்விடும், தொடுகிறவர்மேல் ஏறவிடாது. வாரக்கணக்கில் இதையே செய்து நஞ்சப்பனுக்குச் சலித்துப்போயிற்று. பெட்டி நல்ல பெட்டியா என்று முதலில் பார்க்காமல் ஏன் எப்பவும் எர்த்தையே முதலில் பார்க்கிறோம் என்று கேட்டார்.

"எந்தப் பெட்டியும் ஒரு நாள் கெடுமுங்க," என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் சோதனை விரலைக் கையில் கொடுத்தாள். மனுஷ விரல் அளவில், மூட்டு மூட்டாக மடங்குகிற இரும்பு விரல் அது. பெட்டியின் காற்று ஓட்டைகளுக்குள் அதை விட்டுப் பார்ப்பார்கள். கரண்ட் இருக்கிற இடத்தை விரல் தொட்டுவிட்டால் பெட்டி தேறாது. நஞ்சப்பன் அந்த விரலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். தரணிக்கு விரல் இப்படித்தான் மெலிசாக, நீளமாக இருக்கும். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.  பூங்கோதை மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அவர் அழுது முடிக்கிறவரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

கடைசியாகத்தான் ஹைபாட் சோதனைக்கு வந்தார்கள். வீட்டுக் கரண்டைப் போலப் பல மடங்கு அழுத்தத்தைப் பெட்டிக்குள் ஏற்றி, உள்ளே இருக்கிற காப்பு தாங்குகிறதா என்று பார்ப்பது அது. தாங்கினால் பச்சை விளக்கு. தாங்காவிட்டால் சிவப்பு விளக்கும், காதைப் பிளக்கிற ஒரு சத்தமும். பாஸான பெட்டிமேல் பூங்கோதை ஒரு பொட்டு ஸ்டிக்கர் ஒட்டினாள். பொட்டு வைத்த பெட்டியை இன்னொரு தடவை அந்த மெஷினில் வைக்கக் கூடாது என்றாள். ஒரு பெட்டிக்கு ஒரு தடவைதான்.

நஞ்சப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை பேரைப் பிடித்திருக்கிறார் அவர்!

"எங்க வேலையில முதல் தடவை எல்லாரும் நல்லவங்கதானுங்க அம்மிணி. திருப்பித் திருப்பிக் கேட்டாத்தான் உண்மை வெளிய வரும்."

 பூங்கோதை அலமாரியைத் திறந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்தாள். தரணியைக் கொன்ற பெட்டியின் அதே மாடல். மெஷினில் வைத்தாள், பச்சை எரிந்தது. பொட்டு ஒட்டாமல் அவர் கையில் கொடுத்தாள்.

"இது விற்பனைக்குப் போகாதுங்க. இதை எத்தனை தடவை வேணாலும் நீங்க கேட்டுக்குங்க."

அவரும் விடவில்லை. தினமும் லேபுக்கு வந்ததும் ரப்பர் பாயில் ஏறி நின்று, அந்தப் பெட்டியை மெஷினில் மாட்டி, பட்டனை அழுத்துவார். பச்சை எரியும். நீயும் ஒரு நாள் உளறத்தான் போறே என்று அதனிடம் சொல்லிவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பார். பூங்கோதை தூரத்திலிருந்து பார்ப்பாள். தடுக்க மாட்டாள்.

காலையில் பெட்டியிடம் கேட்டவர், சாயங்காலம் வீட்டில் மாராத்தாளிடம் கேட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்காருவார். அவள் சமையலறைக் கதவோரம் வந்து நிற்பாள். எந்த பிளக்கில் சொருகினாய் என்று கேட்பார். குரலை உயர்த்த மாட்டார். பஸ்ஸில் கேட்கிற அதே குரல், அதே மரியாதை. அடிக்கவில்லை, வையவில்லை, கேள்விதானே கேட்கிறேன் என்று, புத்தி சொல்ல வந்த சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். கேள்வி கேட்பதற்குக்கூட எனக்கு உரிமை இல்லையா என்றார்.

ஆரம்பத்தில் அவள் நிமிர்ந்து பார்த்து முழுசாகச் சொன்னாள். கூட்டினேன், துடைத்தேன், ஒயர் ஹால் பிளக்கில்தான் இருந்தது, நான் தொடவில்லை. பிறகு பேச்சு சுருங்கியது. ஒரு நாள் துடைத்தேன் என்றவள் இன்னொரு நாள் அன்றைக்குத் துடைக்கவில்லை என்றாள். ஒரு நாள் ஒயரைப் பார்த்தேன் என்றாள், மறுநாள் பார்க்கவில்லை என்றாள். நஞ்சப்பன் உள்ளுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சு மாறுகிறது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நினைத்தார்.

பேச்சு மாறுவதைப் பார்த்தாரே தவிர, ஆள் மாறுவதைப் பார்க்கவில்லை. மாராத்தாள் கோயிலுக்குப் போவதை விட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசுவதை விட்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள். பிள்ளையைப் பறிகொடுத்தது அவளும்தான் என்று யார் எடுத்துச் சொன்னாலும் அவருக்கு அந்த நாளில் விளங்கியிருக்காது.

ஒரு சாயங்காலம் அவர் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நாந்தானுங்க. மிக்ஸி போடறதுக்கு ஹால் பிளக்கு வேணும்னு நாந்தான் புடுங்கி இந்தக் கதவோரப் பிளக்குல சொருகுனேன். எம் பையனை நாந்தான் கொன்னேன்."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தார். கிடைத்தால் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தார். இறங்கவில்லை. எழுந்து வெளியே போய், தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் லேபுக்கு வந்ததும் நேராகப் பூங்கோதையிடம் போனார். ஒத்துக்கொண்டாள், கடைசியில் ஒத்துக்கொண்டாள் என்று சொன்னார்.  இனி அவளோடு ஒரு வீட்டில் இருக்க முடியாது, அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறேன், எல்லோரிடமும் சொல்லிவிடப் போகிறேன் என்றார்.

பூங்கோதை எழுந்தாள்.

"இன்னைக்கு உங்க பெட்டியைக் கேட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"கேளுங்க."

அவர் பட்டனை அழுத்தினார். பச்சை எரிந்தது.

"இன்னொரு தடவை."

பச்சை.

"கேட்டுட்டே இருங்க ஐயா. நிறுத்த வேண்டாம்."

எதற்கு என்று தெரியாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். லேபில் மற்றவர்கள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பச்சை எரிந்து அணைந்தது, எரிந்து அணைந்தது. அவருக்குக் கை வலிக்க ஆரம்பித்தபோது பெட்டிக்குள் படக்கென்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் கத்தியது.

பூங்கோதை கத்தலை நிறுத்தினாள்.

"இது நல்ல பெட்டியா, கெட்ட பெட்டியா?"

"கெட்டதுதானுங்க. இதா, கத்துச்சே."

"நேத்து?"

"நேத்து நல்ல பெட்டி."

"நேத்து சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொன்னது பொய்யா?"

நஞ்சப்பன் பட்டனிலிருந்து கையை எடுத்தார்.

"முதல் நாள் நான் ஒரு தடவை கேட்டேன். அது பதில் சொல்லிருச்சு," என்றாள் பூங்கோதை. "அப்புறம் நீங்க கேட்டதெல்லாம் கேள்வி இல்லீங்க ஐயா. ஒவ்வொரு தடவையும் உள்ள கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுட்டே இருந்தீங்க. உங்க வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க? அவங்க சொன்னபடியே சொல்லுங்க."

"மிக்ஸி போடறதுக்கு ஹால் பிளக்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

மிக்ஸி அந்த வாரம் வீட்டிலேயே இல்லை. பிளேடு தேய்ந்துபோய் ரிப்பேர் கடையில் கிடந்தது. தரணியின் கருமாதி முடிந்த பிறகு, கடைக்காரர் சொல்லி அனுப்பி, நஞ்சப்பனே போய் வாங்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, இனி யாருக்குச் சட்னி அரைப்பது என்று அழுதுகொண்டே வந்தவர் அவர்தான். நேற்று மாராத்தாள் சொன்னபோது அது அவருக்கு உறைக்கவில்லை. கேட்கத் தெரிந்த மனுஷருக்குப் பதிலைக் காதில் வாங்கத் தெரியவில்லை.

பிறகு, இந்தப் பெட்டியைச் சரிபண்ண முடியுமா என்று கேட்டார். உள்ளே எந்த இடத்தில் விட்டுப்போயிற்று என்று யாருக்கும் தெரியாது, அதனால் முடியாது என்றாள் பூங்கோதை. பெட்டிமேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக எடுத்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் நஞ்சப்பன் வீட்டுக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தார், கேட்கவில்லை. மாராத்தாள் வழக்கம்போல வந்து கதவோரம் நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாந்தானுங்க," என்றாள்.

நீ இல்லை புள்ள, மிக்ஸி கடையில் இருந்தது, நினைத்துப் பார் என்று சொன்னார். அவள் நினைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இல்லீங்க, நாந்தான் புடுங்குனேன். கையில ஒயரு இருந்தது எனக்கு நல்லா ஞாபகமிருக்குது," என்றாள். மறுநாளும் வந்து நின்றாள், மறுநாளும் சொன்னாள். அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கடைக்காரரையே வீட்டுக்குக் கூட்டிவந்து சொல்லவைத்தார். கடைக்காரர் கிளம்பிப் போகிறவரை சரி சரி என்றாள். அவர் படி இறங்கியதும் நாந்தானுங்க என்றாள்.

நஞ்சப்பனுக்கு அவள் பக்கத்தில் போகவே பயமாகிவிட்டது. அவர் நிழல் தெரிந்தாலே அவள் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள். சாப்பாட்டைத் தனியாக எடுத்துப்போட்டுக்கொண்டார். கட்டிலை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில், பிள்ளை இல்லாத வீட்டில், இரண்டு பேரும் இருந்தார்கள். என்ன கொடுமை இது!

லேபுக்கும் வராமல் இருந்தார். பிறகு ஒரு நாள் மத்தியானம் வந்தார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. முகம் வற்றிப்போயிருந்தது. கேட்பதை நிறுத்திவிட்டேன், அவள் சொல்வதை நிறுத்த மாட்டேன் என்கிறாள் என்று எல்லாவற்றையும் பூங்கோதையிடம் சொன்னார். நான் கெடுத்துவிட்டேன், என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று சொல்லி அழுதார்.

"இனி அவகிட்ட நான் எப்படிங்க போறது, அம்மிணி?"

பூங்கோதை எழுந்துபோய்ச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை எடுத்து வந்தாள். மேஜைமேல் வைத்தாள். எர்த் கிளிப் ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றை அதன் ஒயரின் எர்த் பின்னிலும் மாட்டி மீட்டரைப் பார்த்தாள். திருப்தியானதும் கிளிப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியைச் சுவரில் எர்த்தோடு இருந்த த்ரீ பின் பிளக்கில் சொருகி ஸ்விட்சைப் போட்டாள். பெட்டியின் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. உள்ளே காப்பு விட்டுப்போன பெட்டி அது, ஃபியூஸ் அடிக்கிற அளவுக்கு இல்லாவிட்டாலும் கசியும், கரண்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவள் வலது உள்ளங்கையை விரித்து அதன் இரும்பு மூடிமேல் வைத்தாள்.

நஞ்சப்பன் பதறி எழுந்தார்.

"வேண்டாங்க அம்மிணி! கெட்டுப்போன பெட்டிங்க அது!"

அவள் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, அவர் கையையும் தன் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். மோதிரம் இல்லாத விரல்கள் மூடிமேல் பதிந்தன. மூடி லேசாகச் சூடாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"ஆமாங்க ஐயா, கெட்டுப்போனதுதான்," என்றாள். "கசியறதை வாங்கிக்க எர்த் இருக்குது. தொடலாம்."